நடுகல் பெறாத முரசறைவோன்

ஆங்கில இலக்கியம் பயில்வோர் பலரும் அறிந்த சிறு பாட்டொன்று உண்டு. பதினெட்டே அடிகளில் முடிவது; தென்னாபிரிக்கப் போரிலே மாண்ட இளைஞன் ஒருவனைப் பொருளாகக் கொண்டது. பாடியவர் தோமஸ் ஹார்டி. பாட்டின் பெயர் 'முரசறைவோன் ஹொட்ஜ்'. இதனைக் கற்பிப்போர் பெரும்பாலும் கூறுவது யாது? 'உலகறியாத நாட்டுப்புறச் சிறுவன் ஒருவன் அயல் மண்ணிலே மடிகின்றான். புலவர் அவனுக்காக இரங்குகின்றார். போரின் கொடுமை புலனாகின்றது' என்பதே. இக்கூற்றிற் பிழையில்லை. ஆயினும் இரக்கம் ஒன்றே இப்பாட்டின் பொருளாயின், அதனை இத்துணை உயர்வாக மதிப்பதற்குக் காரணமில்லை. வீரர்க்காக இரங்கும் செய்யுள்கள் அப்போர்க்காலத்து ஆங்கிலச் செய்தித்தாள்களில் மலிந்து கிடந்தன. அவை மறைந்தொழிய இஃது ஒன்று நிலைத்தது எதனால் என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

இவ்வினாவிற்கு விடை காண நம்மிடம் ஓர் அளவுகோல் உளது. போர்க்களத்தில் வீழ்ந்தோரைப் பாடுவதற்கென்றே இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. புறத்திணையும் கையறுநிலையும் நடுகல்லும் நமக்குப் பழகிய பொருள்கள். அவற்றைக் கொண்டு ஆங்கிலப் பாட்டொன்றை அளத்தல் தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். பிறமொழிப் பாட்டை அம்மொழியார் வகுத்த முறையால் மட்டுமே நோக்கவேண்டும் என்பது கட்டாயமன்று. நம் கோலால் அளக்கும்போது பாட்டின் நீளம் மட்டுமன்றிக் கோலின் குறையும் உடன் தெரியும். அதுவே ஒப்பாய்வின் பயன்.

முதற்கண் பாட்டுப் பிறந்த சூழலைக் காண்போம். பிரித்தானியருக்கும் போயர் எனப்படும் ஒல்லாந்த வழியினர்க்கும் தென்னாபிரிக்காவிலே போர் மூண்டது 1899 ஒக்ரோபர் 11ஆம் நாள். அது முடிந்தது 1902 மே 31ஆம் நாள். போர் தொடங்கிய அம்மாதத்திலேயே ஹார்டி சௌதாம்ற்றன் துறைமுகத்திற்குச் சென்று, படைவீரர் கப்பலேறும் காட்சியைக் கண்டார், கண்டதைப் பாடினார். ஏழு வாரங்கள் நிறைவதற்கு முன்னரே, 1899 நவம்பர் 25இல், இப்பாட்டு 'லிற்ரேச்சர்' என்னும் இதழில் வெளிவந்தது. அப்போது அதன் தலைப்பு 'மாண்ட முரசறைவோன்' என்பது. மாண்ட முரசறைவோருள் ஒருவன் காஸ்ற்றர்பிரிட்ஜ் நகரை அடுத்த சிற்றூரினன் என்னும் பொருள்பட ஒரு குறிப்பும் அதனுடன் அச்சிடப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் உளது. காஸ்ற்றர்பிரிட்ஜ் என்பது எந்நாட்டுப் படத்திலும் காணப்படாத ஊர். டோர்செஸ்ரர் நகருக்கு ஹார்டி தம் நாவல்களிலே இட்ட புனைபெயர். மெய்யான சாவொன்றைக் கூறப் புகுந்த புலவர், அச்சாவிற்குரிய ஊரைப் புனைபெயராற் சுட்டுகின்றார். மாண்டவன் பெயரையோ கூறினாரல்லர். பின்னர் தலைப்பு மாறியபோது அவனுக்கு ஒரு பெயர் வந்தது. அப்பெயர்தான் இப்பாட்டைத் திறக்கும் திறவுகோல்.

'ஹொட்ஜ்' என்பது ஒருவனுடைய இயற்பெயர் போலத் தோன்றினும், அக்கால ஆங்கில மேன்மக்கள் உழவுத்தொழிலாளர் அனைவரையும் ஒருங்கே சுட்ட வழங்கிய ஏளனப்பெயர் அது. மந்த புத்தியும் தடித்த நாவும் உடையவன், ஒருவனைப் போலவே மற்றவனும் இருப்பான் என்னும் கருத்தெல்லாம் அவ்வொரு சொல்லில் அடங்கும். இவ்வழக்கை ஹார்டி நன்கறிவார்; வெறுத்தும் உள்ளார். 1883இல் டோர்செற் நாட்டுத் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலே, ஹொட்ஜ் என்றொருவனைத் தேடிச் செல்வோன் அவனை எங்கும் காணமாட்டான். வெவ்வேறு குணமும் மனமும் படைத்த தனி மனிதரையே காண்பான் என்று நிறுவுகின்றார். 1891இல் வெளிவந்த 'ரெஸ்' நாவலிலும், ஏஞ்சல் கிளேயர் என்னும் இளைஞன் பாற்பண்ணையிலே சில நாள் வாழ்ந்ததும் அவன் மனத்திலிருந்த ஹொட்ஜ் என்னும் பொம்மை சிதறிப் போகின்றது.

இவ்வாறு அப்பெயரைத் தகர்த்தவரே தம் பாட்டின் தலைவனுக்கு அதனை இடுவானேன்? கருணையின்மை என்று கொள்ளல் பொருந்தாது. இது குறிப்பாற் பொருளுணர்த்தும் முறை. ஊரிலே வாழ்ந்த காலத்தும் அவனுக்குத் தனிப்பெயர் வழங்கப்படவில்லை. இறந்த பின்னும் வழங்கப்படவில்லை. அவனை ஏவிய ஆட்சி அவனை எப்பெயரால் அறிந்ததோ அப்பெயராலேயே புலவரும் அழைக்கின்றார். அழைத்துவிட்டு, அப்பெயருக்குள்ளே ஒரு நெஞ்சும் மூளையும் இருந்தன என்பதை இறுதிப் பகுதியிலே நமக்கு உணர்த்துகின்றார். மந்தன் எனப்பட்டவனுக்கு மூளை உண்டென்பதை, அது மண்ணாகும் வேளையில் அறிகின்றோம். சினமொழி எதுவும் இன்றியே சினம் புலப்படும் இடம் இஃது.

இனிப் பாட்டின் அமைப்பை நோக்குவோம். ஆறடி கொண்ட மூன்று பகுதிகள். முதற்பகுதி நிகழ்காலத்தில் இயங்குகின்றது. பெட்டியுமின்றி, கிடந்த கோலத்திலேயே, சிலர் அவனைக் குழியில் இடுகின்றனர். அச்சிலர் யாவர்? கூறப்படவில்லை. சடங்கில்லை, அழுவாரில்லை, அடையாளமாக நிற்பது இயற்கையான குன்றொன்றே. இரண்டாம் பகுதி இறந்தகாலத்தது. அங்கே அவன் அறியாதவை அடுக்கப்படுகின்றன: அந்நிலத்தின் பொருள், புதர், புழுதி, இரவுதோறும் எழும் மீன்கள். மூன்றாம் பகுதி எதிர்காலத்தது. அவன் அந்நிலத்தின் ஒரு கூறாகின்றான். அவன் உடல் ஒரு மரமாக வளர்கின்றது. விண்மீன்கள் அவனை ஆள்கின்றன. நிகழ்வு, இறப்பு, எதிர்வு என்னும் இம்முறைவைப்பு தற்செயலானது அன்று. சாவிலிருந்து தொடங்கி, வாழ்வைத் திரும்பிப் பார்த்து, முடிவின்மையை நோக்கிச் செல்கின்றது. எதிர்காலம் என்பதே இல்லாது போன இளைஞனுக்கு இலக்கணத்திலாவது ஓர் எதிர்காலம் கொடுக்கப்படுகின்றது.

சொற்றேர்விலும் ஒரு திட்டம் உண்டு. குன்றையும் வெளியையும் வறண்ட பரப்பையும் சுட்ட ஆங்கிலச் சொல் இருந்தும், ஹார்டி அந்நாட்டு வழக்கிலுள்ள சொற்களையே முதலிரு பகுதிகளில் ஆளுகின்றார். அவை வெஸ்ஸெக்ஸ் உழவனின் நாவிற்கு வழங்காத சொற்கள். அவன் மேல் மண் விழுமுன்னரே அயன்மொழி விழுந்துவிடுகின்றது. மூன்றாம் பகுதியிலோ அச்சொற்கள் இல்லை. எளிய ஆங்கிலச் சொற்களே உள்ளன. அறியாத நிலம் அவனுடைய நிலமாகும்போது அந்நிலத்தின் பெயரும் அவன் மொழிக்கு மாறிவிடுகின்றது.

மூன்று பகுதியும் விண்மீனிலேயே முடிகின்றன. முதலில் அவை அயல்நாட்டு மீன்கள். அடுத்து விளங்காத மீன்கள். இறுதியில் விளங்காத கண்ணுடையன, எனினும் அவனுக்கே உரியன. 'ஆளுதல்' என்னும் பொருளுடைய வினையை அவ்விடத்தே புலவர் வைத்திருப்பதும் கருதத்தக்கது. எந்த ஆட்சியின் பொருட்டு அவன் மாண்டானோ அவ்வாட்சி அவன் குழிக்கு ஒரு கல்லும் நாட்டவில்லை. இப்போது அவனை ஆள்வன மீன்கள். பேரரசுகளின் எல்லைகள் அவற்றிற்கு இல்லை.

இவ்விடத்தைப் பிறரினும் தெளிவாக உணரும் வாய்ப்பு நமக்கு உண்டு. வெஸ்ஸெக்ஸ் நாட்டிலிருந்து நோக்குவோர்க்குத் தென்சிலுவை மீன்கள் ஒருபோதும் தோன்றா. கறூ வெளியிலிருந்து நோக்குவோர்க்குத் துருவ மீன் ஒருபோதும் தோன்றாது. திருகோணமலையோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டரைப் பாகையளவில் உள்ளது. சித்திரை, வைகாசித் திங்களிலே உப்புவெளிக் கடற்கரையில் நிற்போன், வடதிசையில் அடிவானத்தை ஒட்டித் துருவத்தையும், தென்திசையில் தாழ்ந்து தென்சிலுவையையும் ஒரே இரவிற் காணலாம். ஹொட்ஜின் இரு வானங்களும் நமக்கு ஒரே வானம். ஆதலின் அவன் இழந்தது எத்துணை என்பதை இரு பக்கமும் நின்று நாம் அளவிட முடிகின்றது.

தென்சிலுவைக்கு நம் முன்னோர் இட்ட பெயரும் இங்கு நினைவுகூரத்தக்கது. அதனைத் திரிசங்கு என்றனர். உடலோடு விண்ணுலகம் புக விழைந்து, தேவராற் தள்ளப்பட்டு, விசுவாமித்திரர் தவவலியால் இடைவெளியில் தலைகீழாக நின்ற மன்னன் திரிசங்கு. அவன் பொருட்டு அம்முனிவர் தென்வானிலே புதிய மீன் கூட்டங்களைப் படைத்தார் என்பது இராமாயணப் பாலகாண்டச் செய்தி. சொந்த உலகிற்கும் மீளாது, சென்ற உலகிலும் சேராது நின்றவனுக்கு அயல் மீன்களே உரிமையாயின. ஹார்டி இக்கதையை அறிந்து பாடினார் எனக் கூறுவது நம் கருத்தன்று. மனிதன் தன் இடத்தை விட்டு அகற்றப்படும்போது அவன் மேல் விரியும் வானமும் மாறுகின்றது என்னும் உணர்ச்சி இரு நாட்டார்க்கும் பொது என்பதே நாம் கொள்ளத்தக்கது. வேற்றுமையும் உண்டு. திரிசங்கு மன்னன்; அவனுக்காக முனிவரொருவர் தேவரோடு வாதிட்டார். ஹொட்ஜின் பொருட்டு வாதிட்டவர் ஒரு புலவரே.

தொல்காப்பியர் நெறி கொண்டு நோக்கின் இப்பாட்டின் தனித்தன்மை மேலும் விளங்கும். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது விதி. புறப்பாட்டிலோ பெயரே உயிர்: பாடப்பட்டோன் யார், அவன் குடி யாது, அவன் வீழ்ந்த களம் யாது என்பன இன்றேல் புகழ் என்பது நில்லாது. ஹொட்ஜின் பாட்டுப் பொருளாற் புறம். ஆயினும் பெயர் சுட்டாமையாலும், நிலமும் பொழுதும் கருப்பொருளும் கொண்டே உள்ளத்தை உணர்த்துவதாலும் அகத்தின் நடையை மேற்கொண்டது. வறண்ட வெளி பாலைக்கு ஏற்ற நிலம், பொழுது இரவு. கருப்பொருள்களுள் மரமும் பறையும் அடங்குவன என்பதை நாம் அறிவோம். முரசறைந்தவன் மரமாகின்றான் என்பதை நம் சொல்லாற் கூறின், ஒரு நிலத்தின் பறையாக இருந்தவன் மற்றொரு நிலத்தின் மரமாகின்றான் எனலாம். பாட்டு முழுவதிலும் முரசொலி ஒரு முறையும் கேட்கவில்லை என்பதையும் காண்க. அவன் முரசறைவோன் என்பதைப் பெயரால் அறிகின்றோம், செயலால் அன்று.

இப்பாட்டை விளங்கிக்கொள்ள றூபேட் புறூக் பாடிய 'போர்வீரன்' என்னும் பாட்டோடு ஒப்பிடுதல் வழக்கம். 1914இல் எழுந்த அப்பாட்டிலே, வீரன் புதைக்கப்படும் அயல்மண் என்றென்றும் இங்கிலாந்தாகிவிடும் என்னும் கருத்து உளது. 1915 ஏப்பிரல் 23இல் போருக்குச் செல்லும் வழியிலே மாண்டு, கிரேக்கத் தீவாகிய ஸ்கைறொசிற் புதைக்கப்பட்டார் அப்புலவர். அவர் பாட்டில் உடல் மண்ணை வெல்கின்றது; ஹார்டியின் பாட்டில் மண் உடலை ஏற்றுக்கொள்கின்றது. முன்னையது உரிமை கோருகின்றது. பின்னையது உரிமையற்றவனை ஓரிடத்திற் சேர்க்கின்றது. மாண்ட புறூக்கின் மேல் நமக்குக் குறையில்லை. ஆயினும் எந்நிலத்தையும் தன்னதாக்கும் பேரரசின் எண்ணம் அவர் பாட்டினுள்ளே இனிய ஓசையோடு ஒளிந்திருப்பதை, ஒரு காலத்தில் அப்பேரரசின் துறைமுகமாய் இருந்த ஊரினராகிய நாம் எளிதில் உணர்கின்றோம்.

இனி நடுகல்லைக் காண்போம். களத்தில் வீழ்ந்தோனுக்குக் கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் முறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. அம்முறைகளையே இளங்கோவடிகள் கண்ணகியின் பொருட்டு வஞ்சிக் காண்டத்திலே காதைகளாக விரித்தார். ஹார்டியின் முதற்பகுதியை இதன் அருகே வைத்துப் பார்த்தால், அங்கே ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்டிருப்பது தெரியும். கல்லின் இடத்தில் குன்று; நீரின் இடத்தில் புழுதி; வாழ்த்தின் இடத்தில் மௌனம். நாகரிகம் மிக்கதெனத் தன்னைச் சொல்லிக்கொண்ட அரசு தன் வீரனுக்குச் செய்யாததைப் பழந்தமிழர் செய்தனர் எனப் பெருமை பேச இது நல்ல இடம்போலத் தோன்றும்.

ஆயினும் கோலின் குறையையும் காண்போம் என முன்னர்க் கூறினோம். நடுகற்கள் எழுந்தது யாருக்கு? பெரும்பாலும் மறவர்க்கு. மறவரோடு களம் புகுந்து துடி கொட்டியவனுக்கு என்ன கிடைத்தது? புறநானூற்று 287ஆம் பாட்டு துடியனை விளித்தே தொடங்குகின்றது. ஆனால் அவனை விளிக்கும் சொற்கள் இழிகுலப் பெயர்களே. மற்றொரு பக்கம், 50ஆம் பாட்டிலே முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தி காணப்படுகின்றது. முரசிற்குக் கட்டிலும் பூவும் பலியும் உண்டு. புலவருக்குக் கவரி உண்டு. முரசை அறைந்தவனுக்கோ இழிபெயரே. பிற்காலத்தில், முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியிலே, எடுத்தனூரில் எழுந்த நடுகல் ஒன்று, கள்வரைக் கடித்து நின்ற நாயொன்றைக் கோவிவன் எனப் பெயர் கூறிப் போற்றுகின்றது. நாய்க்குப் பெயர் பொறித்த பண்பாடு பாராட்டுக்குரியது. துடியனுக்குப் பெயர் கூறாது இழிபெயர் கூறியதும் அப்பண்பாடே. ஹொட்ஜ் என்னும் சொல்லும் நம் இழிகுலப் பெயர்களும் ஒரே தொழிலைச் செய்தன: மனிதனின் பெயரை மறைத்தன. இதனை ஒப்புக்கொள்ளாது ஆங்கிலேயரை மட்டும் குறைகூறும் ஆய்வு நடுநிலை உடையதாகாது.

ஹார்டியின் பாட்டிற்கும் ஒரு குறையுண்டு. அதில் கறூ வெளி ஆளில்லாத வெளி. அறியப்படாத நிலம் என்பது ஹொட்ஜுக்கு உண்மை. ஆனால் அந்நிலத்தை அறிந்தோர் இருந்தனர். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின மக்கள் பாட்டில் இல்லை. எதிர்த்துப் போரிட்ட போயரும் இல்லை. போர் முடிவதற்குள் பிரித்தானியப் படையினருள் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். அவருள் நோயால் மாண்டோரே மிகுதி. தடுப்பு முகாம்களிலே போயர் குடும்பத்துப் பெண்டிரும் பிள்ளைகளுமாக 26,000க்கு மேற்பட்டோரும், கறுப்பின மக்களுள் 14,000க்குக் குறையாதோரும் மடிந்தனர். பாட்டு எழுந்த காலத்தே இவை நிகழவில்லை; ஆதலின் இவற்றைக் கூறாமை குற்றமாகாது. எனினும் இன்று படிப்போர் இவற்றை மறந்து படித்தலாகாது.

நம் மக்களும் அந்நிலத்தில் இருந்தனர். 1860ஆம் ஆண்டு ஒக்ரோபரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்றூறோ' என்னும் கப்பல் முதலாக, நேற்றால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். போர் மூண்டபோது காந்தியடிகள் திரட்டிய இந்திய மருத்துவத் தூக்குப்படையில் ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தனர். அவருள் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர். கொலென்சோ, ஸ்பியன் கொப் ஆகிய களங்களில் காயமுற்றோரை அவர்கள் சுமந்தனர். ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் வரை நடந்தனர். 1899 திசெம்பர் 15இல் கொலென்சோவிலே பீரங்கிகளை மீட்க முயன்று காயமுற்று மாண்ட இளம் அதிகாரி பிரடெறிக் றொபேட்ஸ், படைத்தலைவர் றொபேட்ஸ் பிரபுவின் மகன். இந்தியாவின் அம்பாலாவிலே 1872இல் பிறந்தவன். அவனுடலைக் களத்திலிருந்து சுமந்தோர் இந்தியத் தூக்குப்படையினரே எனக் காந்தியடிகள் எழுதியுள்ளார். அவனுக்கு விக்ரோறியாச் சிலுவை வழங்கப்பட்டது. அதே களத்திலே காயமுற்ற சிறுவனாகிய ஊதுகொம்பாளன் டன் என்பானுக்கு விக்ரோறியா அரசியார் புதிய ஊதுகொம்பு அளித்தார். சுமந்தோரின் பெயர்களைக் கேட்பின் நாம் அறிந்தவை சிலவே. ஒரே களம், ஆனால் பெயர் பெறும் முறை படிப்படியாகக் குறைந்து செல்கின்றது. அப்படிகளின் அடியில் ஹொட்ஜ் நிற்கின்றான் என்பது ஹார்டி காட்டியது. அவனுக்கும் கீழே படிகள் உண்டென்பது நாம் சேர்க்கவேண்டியது.

ஹொட்ஜின் கதை தலைமாறி நிகழ்ந்த இடம் நம் இலங்கையே. 1900ஆம் ஆண்டு இங்கிருந்து குதிரைப்படைத் தொண்டர் அணியொன்று தென்னாபிரிக்கா சென்றது. அதிற் பலர் தோட்டத் துரைமார். அவ்வாண்டிலேயே அங்கிருந்து போயர் கைதிகள் இங்குக் கொணரப்பட்டனர். ஊவா மலைநாட்டுத் தியத்தலாவை முகாமிலே ஏறத்தாழ 5,000 பேர் அடைக்கப்பட்டிருந்தனர்; அவருள் சிறுவரும் இருந்தனர், முதியோரும் இருந்தனர். காய்ச்சலால் மாண்ட பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். கறூ வெளியின் சொற்களை நாவிற் கொண்ட இளைஞர், தம் நாட்டில் ஒருபோதும் தோன்றாத துருவ மீனின் கீழே நம் மண்ணாயினர். ஹார்டியின் பாட்டைப் போயர் மொழியிலே தலைகீழாக எழுதியிருந்தால் அதன் நிலம் தியத்தலாவையாக இருந்திருக்கும். இரு பக்கத்தாருக்கும் பொருந்துவது அப்பாட்டின் வலிமைக்குச் சான்று. பகைவன் பெயர் அதில் இல்லாமையே அப்பொருத்தத்திற்குக் காரணம்.

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் உள்ள போர்வீரர் மயானத்தை நம்மவர் அறியாதாரில்லை. இரண்டாம் உலகப் பெரும்போரிலே மாண்ட பல நாட்டினர் அங்குத் துயில்கின்றனர். 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாளையும், அன்றே மட்டக்களப்புக் கடலிலே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதையும் நம் முதியோர் வழியே நாம் கேட்டறிந்துள்ளோம். அம்மயானத்தின் ஒழுங்கு தானே வந்ததன்று. 1917 மே மாதத்தில் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணைக்குழு, பதவியும் குலமும் சமயமும் நோக்காது, மாண்ட ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நினைவு வேண்டும், அந்நினைவுகள் ஒரு தன்மையவாக வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தது. அதன் இலக்கியத் துணைவராய் இருந்து பொறிப்புகளுக்குச் சொல் அமைத்தவர் றட்யாட் கிப்ளிங். பேரரசின் பெருமை பாடிய அப்புலவரின் ஒரே மகன் 1915இல் லூஸ் போர்க்களத்திற் காணாமற் போனான். ஹார்டி 1899இற் பாட்டாக எழுப்பிய வினாவிற்கு, எண்ணிறந்த சாவுகளின் பின்னரே அவ்வரசு விடையளித்தது. எனினும் அவ்விடை எங்கும் ஒருபடித்தாக வழங்கப்படவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்க, ஆசியச் சுமைகாரரும் வீரரும் பலர் தனிக்கல் பெறாதொழிந்தனர் என்பதை அவ்வாணைக்குழுவின் வழிவந்த நிறுவனமே 2021இல் ஏற்று வருத்தம் தெரிவித்தது. திருகோணமலை நகரின் பழைய மயானத்திலே, நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்தாரும் கடற்படைத் தளபதியுமான சாள்ஸ் ஒஸ்ரின் 1852இல் அடக்கம் செய்யப்பட்டார். அதிகாரிக்கு என்றும் கல்லறை உண்டு. முரசறைவோனுக்கு அது கிடைக்க மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. சுமைகாரன் பின்னும் காத்திருந்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குதற்கு நமக்கு உரிமையில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினாலும், 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையினாலும் உடலும் கிடைக்காது மறைந்தோர் இம்மாவட்டத்தில் உளர். அவர்தம் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருந்து கற்றனர், கற்கின்றனர். பெட்டியும் கல்லுமின்றிப் புதைக்கப்பட்டவனைப் பற்றிய பாட்டை அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அணியும் யாப்பும் கூறி அமைதல் போதாது. இப்பாட்டு வினவும் வினா அவர்க்குத் தேர்வு வினா அன்று. பெயர் பொறிக்கப்படாதவனுக்கு யார் கடன் செய்வது என்பது அவ்வினா. அரசு செய்யாவிடினும், நாள் தாழ்த்துச் செய்யினும், மொழியால் ஒரு சிறு கடன் செய்தல் கூடும் என்று ஹார்டி காட்டினார். அது கல்லுக்கு ஈடாகாது. ஈடாகும் என்று அவரும் கூறவில்லை. பாட்டின் இறுதியில் ஆறுதல் மொழி எதுவும் இல்லாமை அதனாலேயே.

இனி நம் முதல் வினாவிற்கு விடை கூறலாம். இரங்கியதால் மட்டும் இப்பாட்டு நிலைக்கவில்லை. இரங்குவதற்கு முன் அளந்தது. பெயரை மறைத்த சொல்லையே பெயராக்கியது; நாட்டைப் புகழாது நிலத்தைக் கூறியது; பகைவனைப் பழிக்காது வானத்தைக் காட்டியது. தம் தலைவனை அயல் மண்ணில் விட்ட புலவர் 1928இல் மறைந்தபோது, அவர் உடற்சாம்பல் இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரரிலே புகழ்மிக்கோர் நடுவே வைக்கப்பட்டது. நெஞ்சு மட்டும் பிறந்த மண்ணாகிய ஸ்ரின்ஸ்போட் சிற்றூரிற் புதைக்கப்பட்டது. அவ்வீட்டு மண்ணின் நெஞ்சைத்தான் அவர் ஹொட்ஜுக்கும் கொடுத்திருந்தார். ஹொட்ஜின் நெஞ்சு திரும்பி வரவில்லை. திரும்பி வாராதவர்களைப் பெயர் சொல்லி நினைக்கும் பழக்கம் ஒரு சமுதாயத்தில் எத்துணை ஆழமாக உள்ளதோ, அத்துணையே அச்சமுதாயத்தின் நாகரிகமும் ஆழமுடையது. அப்பழக்கத்தில் மறவனோடு துடியனும், அதிகாரியோடு சுமைகாரனும், நம்மவரோடு பிறரும் இடம்பெறுதல் வேண்டும். இதனை இலக்கியத்தின் வாயிலாக மாணவர் உணர்வாராயின், பதினெட்டடிப் பாட்டொன்றைப் பயின்ற பயன் அவர்க்கு முழுமையாகக் கிட்டும்.